பட்டியலில் இல்லாத பூனைப்பருந்து

6 மே 1997, செவ்வாய்

என் பறவையைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள். வெட்டியவன் கோர்டன். பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவர் சிவபாதம். இந்த இரண்டையும் முதலில் எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் இரண்டு கிழமையில் கோபம் ஆறி, எல்லாரோடும் நல்ல மாதிரிக் கதைக்கத் தொடங்கிவிடுவேன்.

ஸ்பெயினிலிருந்து முந்தநாள் வந்து சேர்ந்தோம். கால் இன்னும் வீங்கியிருக்கிறது. பதினான்கு நாள் பயணம். தலைவன் கோர்டனோடு சேர்த்துப் பறவைக் கழகத்து ஆட்கள் பதினொரு பேர். அதில் தமிழர் நானும் சிவபாதமும். கழகம் முழுவதிலுமே தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான்.

நடந்தது இது. ஏப்ரல் 29, காலை எட்டரை மணி. துருகியோ என்ற ஊருக்கு அப்பால், மரமே இல்லாத கோதுமை வெளி. எங்கள் வான் வண்டி வீதியோரம் நின்றது. மேற்குப் பக்கத்தில் பெரிய கானமயில், ஆண், தன் இறகையெல்லாம் உட்புறம் வெளியே திருப்பி ஒரு வெள்ளை நுரைக் குவியல் போல ஆடிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதற்கு முன்னால் தொலைநோக்கியை நட்டுவிட்டார்கள். எனக்கு மூத்திரம் முட்டியது. வீதியைக் கடந்து கிழக்குப் பக்கம் இருந்த கல்மதிலுக்குப் பின்னால் போனேன். தனியாகப் போக விடக்கூடாதென்று சிவபாதம் கூட வந்தார். நான் மதிலைச் சுற்றி வெளியே வருகிறபோது கிழக்கு வெளியிலிருந்து அது வந்தது. கதிரை உரசுகிற மாதிரித் தாழப் பறந்து, மதிலுக்கு மேலால் ஒரு சரிவு. ஆண் பூனைப்பருந்து. வெளிறிய சாம்பல். “வெளிர்ப் பருந்து” என்று அந்த நிமிடமே சொன்னேன்.

ஸ்பெயினில் கூடு கட்டுவது இதன் இனசனமான மொன்ரகு பூனைப்பருந்து. தூரத்தில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். மொன்ரகு ஆணின் மேல்சிறகில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை ஓடும். வெளிர்ப் பருந்துக்கு அது இல்லை. சிறகு நுனியில் சின்ன ஆப்பு மாதிரிக் கறுப்பு, அவ்வளவுதான். வெளிர்ப் பருந்து ஸ்பெயினுக்கு வருவது அபூர்வம். ஆனால் கிளிநொச்சி வயல்களுக்கு அது ஒவ்வொரு மாரியும் வரும். நான் நீர்ப்பாசனத்தில் வாய்க்கால் பார்த்த இருபத்திரண்டு வருடமும் வந்தது. கோர்டன் அந்தப் பறவையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் வழக்கம்போலப் பட்டியல் வாசிப்பு. கோர்டன் ஒவ்வொரு பறவையின் பெயராகச் சொல்லுவான், கண்டவர்கள் கையை உயர்த்துவார்கள், அவன் பென்சிலால் குறிப்பான். என் முறை வந்தது. சொன்னேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் அவனுக்குச் சொன்னது விளங்கியது. “அது மொன்ரகுவாக இருக்கும், குலா” என்றான். என் பெயர் குலசிங்கம். “வேறு யாராவது கண்டீர்களா?” அபூர்வப் பறவைக்கு இரண்டாவது சாட்சி வேண்டும், அது கழகத்து விதி. நான் சிவபாதத்தைப் பார்த்தேன். அவர் ஒலிவ் காயின் கொட்டையை வாயிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு இன்னொரு காயை எடுத்தார்.

கோர்டன் எழுதியதை வெட்டினான். நான் வர்ணனை சொல்லத் தொடங்கினேன். சிறகைப் பற்றிச் சொல்லி முடிக்கமுன் அடுத்த பெயரை வாசித்துவிட்டான். யாரோ சிரித்தார்கள்.

7 மே, புதன்

சிவபாதம் மூன்று தரம் போன் அடித்தார். தூக்கவில்லை.

11 மே, ஞாயிறு

என் மனைவி பேபி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தா.

“இஞ்சாருங்கோ, அந்த மனிசன் கீழ நிண்டு பஸ்ஸரை அமத்துது. என்னத்தைச் சொல்ல?”

“நான் வீட்டில இல்லையெண்டு சொல்லும்.”

“உங்கட சப்பாத்து வாசலில கிடக்கு. மேல வந்தாக் காணுவார்.”

“மேல வர விடாதையும்.”

கீழே போய்ச் சொல்லிவிட்டு வந்தா. மூச்சு வாங்கியது, பதினாலாம் மாடி, லிப்ற் திரும்பவும் பழுது. கதிரையில் இருந்துகொண்டு சொன்னா: “காணி போச்சு, வீடு போச்சு. அதுக்கு ஒருத்தரோடயும் நீங்கள் கோவிச்சதை நான் காணேல்லை. ஒரு பருந்துக்கு நிண்டு கோவிக்கிறியள்.”

பேபிக்கு விளங்காது. காணியை எடுத்தவர்களுக்கு நான் கடிதம் எழுத முடியாது. கோர்டனுக்கு எழுதலாம். முகவரி இருக்கிறது.

25 மே, ஞாயிறு

நாலு தரம் எழுதிக் கிழித்து, ஐந்தாம் தரம் தட்டச்சில் அடித்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் படித்தது, எஞ்சினியர் ஒருவர் தான் தங்கிய வாடி வீட்டில் விட்டுப்போன பறவைப் புத்தகத்தில். ஆகவே என் ஆங்கிலத்தில் சிறகு, வால், அலகு எல்லாம் சரியாக வரும். மரியாதை வார்த்தைகள்தான் வராது. அகராதி பார்த்துப் போட்டேன்.

முக்கியமான வசனம்: “பைனாகுலரில் பத்து விநாடி பார்த்தேன், சூரியன் என் முதுகுப் பக்கம், மேல்சிறகில் பட்டை இல்லை.” இதற்கு மேல் ஒருவன் என்ன சொல்ல வேண்டும்?

நாளை தபாலில் போடவேண்டும்.

14 ஜூன், சனி

கோர்டனின் பதில் வந்தது. நல்ல தாள். என் அனுபவத்தை மிகவும் மதிக்கிறானாம். மதிக்கிறவன் சொல்லி முடியவிடுவான். ஆண்டறிக்கை டிசம்பரில் அச்சுக்குப் போகிறது. மூன்று பேர் குழு முடிவு செய்யும். இரண்டாவது சாட்சியின் கையெழுத்து இல்லாமல் குழுவுக்கு அனுப்ப முடியாது. சாட்சிப் படிவம் ஒன்று இணைத்திருக்கிறான். வெறும் தாள்.

ஆகவே எல்லாம் திரும்பச் சிவபாதத்தின் வாசலில் வந்து நிற்கிறது.

15 ஜூன், ஞாயிறு

நானே போன் அடித்தேன். நலம் விசாரிக்கவில்லை.

“நீர் அந்தப் பறவையைக் கண்டனீரோ இல்லையோ?”

“கண்டனான் அண்ணை.”

“சிறகில பட்டை இருந்ததோ?”

பின்னால் குணவதி, அவரது மனைவி, குக்கர் மூடி திறக்கிற சத்தம்.

“வெயில் கண்ணுக்க குத்தினது அண்ணை. நேர வந்து பேசுவமே? நான் இப்ப வாறன்.”

“வெயில் முதுகுப் பக்கம். இருந்ததோ, இல்லையோ?”

“அண்ணை, போனில உது…”

வைத்துவிட்டேன். எட்டு வருடப் பழக்கம். காலை ஐந்து மணிக்குக் கார் கொண்டுவந்து நின்று என்னை ஏற்றிப் போகிற ஆள். ஏரிக்கரையில் கை விறைக்க விறைக்க வாத்து எண்ணியிருக்கிறோம். எல்லாருக்கும் முன்னால் ஒரு சொல், “நானும் கண்டனான்”, அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வெள்ளைக்காரருக்குப் பயமோ? அல்லது அடுத்த பயணத்தில் கோர்டனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்ற ஆசையோ?

13 ஜூலை, ஞாயிறு

வெக்கை. நடக்க மனமில்லை. பைனாகுலரைத் துடைத்து உறைக்குள் வைத்தேன். ஜன்னலால் பார்த்தால் மாடப்புறாவும் கார் தரிப்பிடமும்.

9 ஆகஸ்ட், சனி

கழகத்தின் அறிவித்தல் தபாலில் வந்தது. அடுத்த ஏப்ரல் கிரேக்க நாட்டின் வடகிழக்கு மூலை, துருக்கி எல்லை. பிணந்தின்னிக் கறுப்புப் பாறு, கழுகு வகைகள், ஆற்று முகத்துவாரத்தில் பூனைப்பருந்துகளின் வலசை. பெயர் கொடுக்கக் கடைசி நாள் நவம்பர் 30. பன்னிரண்டு இடங்கள்.

அங்கே ஏப்ரலில் வெளிர்ப் பருந்து நியாயமான அளவு கடந்து போகும். புத்தகத்தில் பார்த்துவிட்டேன்.

குணவதி பேபிக்குப் போனில் சொன்னாவாம்: “அண்ணை போகாட்டில் இவரும் போகமாட்டாராம்.” எனக்கு அறுபத்தெட்டு வயது. சிவபாதத்துக்கு அறுபது, போன வருடம் நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர். இன்னும் எத்தனை ஏப்ரல் இருக்கிறது எங்களுக்கு? ஆனாலும் பட்டியலில் என் பறவை ஏறாமல் அந்த வானில் நான் ஏறமாட்டேன். இது முடிவு.

20 செப்ரெம்பர், சனி

விட்பி சதுப்பு நிலத்தில் பருந்து எண்ணும் நாள். முதல் தடவை சிவபாதத்தின் கார் இல்லாமல் போனேன். பிக்கரிங் வரை ரயில், பிறகு பஸ், பிறகு முக்கால் மணித்தியாலம் நடை. போய்ச் சேரும்போதே நாள் பாதி போய்விட்டது. வடமேல் காற்று. அகலச் சிறகுப் பருந்துகள் சுழன்று சுழன்று மேலே ஏறி, மிளகு தூவினது போல ஆகி, மேற்கே ஒழுகின. நானூற்றுப் பன்னிரண்டு எண்ணினேன். பார்வை மேடையின் மற்ற அந்தத்தில் சிவபாதமும் எண்ணிக்கொண்டிருந்தார். வழக்கமாக நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியே எண்ணி, கணக்கைச் சரிபார்த்து, வித்தியாசத்துக்குச் சண்டை பிடிப்போம். இன்று யாருடைய கணக்கு சரியென்று தெரியாமலே போயிற்று.

குணவதிதான் என்னிடம் வந்தா, கையில் ஒரு டப்பா.

“அண்ணை, ரோல்ஸ். உது அவர் தாறேல்லை, நான் தாறன்.”

“எனக்குப் பசியில்லை.”

“ரெயிலேறி, பஸ்ஸேறி, நடந்து வந்த ஆளுக்குப் பசியில்லையாம். அந்தப் பருந்துக்கும் வேற நாடு கிடைக்கேல்லையே வந்து பறக்க.”

ஒன்று எடுத்தேன். கோபம் சிவபாதத்தோடுதான், ரோல்ஸோடு இல்லை.

“மேசையில ஏன் வாய் திறக்கேல்லையெண்டு நீர் அவரைக் கேட்கேல்லையோ?”

“கேட்டனான். எழும்பிப் போய்ப் படுத்திட்டார்.” டப்பாவை மூடிக்கொண்டு, “அவரிட்ட உங்களுக்கு என்ன வேணும் அண்ணை? சொல்லுங்கோ, நான் வாங்கித் தாறன்.”

“ஒரு கையெழுத்து.”

“அவ்வளவுதானே?” என்றா. பெரிய பாரம் இறங்கின முகம்.

4 ஒக்ரோபர், சனி

சாட்சிப் படிவத்தை நானே நிரப்பினேன். திகதி, நேரம், இடம், வர்ணனை. “மேல்சிறகில் பட்டை இல்லை.” கீழே சிவபாதத்தின் பெயர், கையெழுத்துக்கு இடம். அவர் வைத்தால் போதும். பேபி மூலம் குணவதிக்கு அனுப்பிவிட்டேன்.

இதில் பிழை ஒன்றும் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் ஆட்கள் ஒருவருக்கு ஒருவர் கையெழுத்து வைத்துத்தான் நிமிர்ந்தோம். வாடகைக்கு வீடு எடுக்க, வேலையில் சேர, இவரை எனக்கு நீண்ட காலமாகத் தெரியும், நேர்மையானவர் என்று ஒருவர் எழுதித்தர வேண்டும். யார் எழுதுவது? பக்கத்துக் கதவில் இருக்கிற தமிழன்தான். 1989இல் சிவபாதத்தின் முதல் வேலைக்கு நான் எழுதினேன், மூன்று வருடமாகத் தெரியும் என்று. தெரிந்து மூன்று கிழமை. அவர் நேர்மையானவர் என்பது உண்மையாகவே இருந்தது, அதுதானே முக்கியம்.

அதோடு பார்த்தால் இது சின்ன விஷயம். கண்டதைக் கண்டேன் என்று சொல்லுவது.

11 ஒக்ரோபர், சனி

வந்துவிட்டது. கையெழுத்து வைத்திருக்கிறார். ஒரு சொல்லும் திருத்தவில்லை. கோர்டனுக்குத் தபாலில் போட்டேன்.

18 ஒக்ரோபர், சனி

காலை ஆறு மணிக்குச் சிவபாதம் காரோடு கீழே நின்றார். இறங்கிப் போனேன். இரண்டு பேரும் அந்த விஷயத்தைத் தொடவில்லை. ஏரிக்கரையோடு ஒஷாவா வரை போனோம்.

நல்ல நாள் என்றுதான் எழுத நினைத்து உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இந்த மனிசன் முன்பு என்னோடு ஒவ்வொரு பறவைக்கும் வாதாடுவார். “இல்லையண்ணை, காலைப் பாருங்கோ, நிறத்தைப் பாருங்கோ” என்று உயிரை எடுப்பார். இன்று நான் சொன்னதற்கெல்லாம் “ஓம் அண்ணை.” ஒரு கட்டத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. தூரத்தில் மிதந்த ஒரு வாத்தை வேண்டுமென்றே பிழையான பெயர் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிகிற பிழை.

“ஓம் அண்ணை” என்றார்.

குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பிழையான பெயரை எழுதவும் செய்தார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் களைப்பாக இருந்தது. நடந்த களைப்பு இல்லை.

15 நவம்பர், சனி

வென்றுவிட்டேன். கோர்டனின் கடிதம்: இரண்டு சாட்சிகளின் விவரமும் ஒத்துப்போவதால் குழு ஏற்றுக்கொள்கிறது, ஆண்டறிக்கையில் என் பெயரோடும் சிவபாதத்தின் பெயரோடும் வரும். அச்சுக்குப் போகமுன் திருத்தம் இருந்தால் டிசம்பர் 5க்குள் அறிவிக்கவேண்டும்.

பேபிக்கு வாசித்துக் காட்டினேன்.

“அப்ப இனி அந்தத் தட்டச்சை மேசையிலயிருந்து எடுக்கலாம்” என்றா. “ஆறு மாசமா மரக்கறி வெட்ட இடமில்லை.”

கிரேக்கப் பயணத்துக்குப் படிவத்தை எடுத்து வைத்தேன். நாளை நிரப்பலாம்.

23 நவம்பர், ஞாயிறு

பின்னேரம் கழகத்தின் ஸ்லைட் காட்சி, தேவாலய மண்டபத்தில். நாற்பது ஐம்பது பேர். ஸ்பெயினுக்கு வந்த மார்ஜரி படம் காட்டினாள். அவள் பூக்களைப் படமெடுக்கிறவள், பறவைகளில் பெரிய அக்கறை இல்லை. நானும் சிவபாதமும் மூன்றாவது வரிசையில். கோர்டன் பின்னால் அடுப்படியில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தான்.

பாறுகள், ஒலிவ் மரங்கள், துருகியோவின் சந்தி. பிறகு: “இது என் பிரியமான படம். வீதியோரம் பூ எடுக்கப் போனபோது திரும்பிப் பார்த்து எடுத்தேன். எங்கள் இரண்டு கனவான்கள்.”

திரையில் நானும் சிவபாதமும். பக்கவாட்டில், தொப்பியோடு, கல்மதில் ஓரமாக. மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஏனென்றால் என் இரண்டு கையும் பெல்ற்றில் இருந்தது. வாய் திறந்தபடி மேலே பார்க்கிறேன். பைனாகுலர் முதுகுப் பக்கம் தொங்குகிறது. சிவபாதம் பைனாகுலரைக் கண்ணில் வைத்திருக்கிறார்.

எங்களுக்கு மேலே, படத்தின் மூலையில், அது.

சரிந்து திரும்புகிற கணம். மேல்சிறகு முழுக்க வெளிச்சத்தில் விரிந்திருக்கிறது. சிறகின் குறுக்கே கறுப்புப் பட்டை, மைக்கோல் பிடித்து இழுத்த மாதிரி. ஒரு சந்தேகமும் இல்லை. மொன்ரகு.

எல்லாரும் என் பெல்ற்றைப் பார்த்தார்கள். ஒருவரும் பறவையைப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் திரும்பினேன். சிவபாதம் திரையைப் பார்க்கவில்லை. தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பே தெரிந்த ஒன்றைத் திரும்பப் பார்க்க என்ன தேவை?

மார்ஜரி அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். கோர்டன் கோப்பித் தட்டோடு வந்தான். “வாழ்த்துக்கள், குலா” என்றான். நான் கோப்பியை வாங்கினேன்.

24 நவம்பர், திங்கள்

காலை எட்டரைக்குக் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றவனுக்குச் சூரியன் எப்படி முதுகில் இருந்தது?

பொய் சொல்லவேண்டுமென்று எழுதவில்லை. பைனாகுலரைத் தூக்கினதாகவே எனக்கு ஞாபகம். இப்போதும், இந்த நிமிடமும், கண்ணை மூடினால் கண்ணாடி வட்டத்துக்குள் பட்டை இல்லாத சிறகுதான் தெரிகிறது. அது எந்த வயலில் கண்டது, எந்த வருடம்?

ஒருவருக்கும் தெரியாது. அச்சிலும் ஏறிவிடும். பேசாமல் விட்டால் என்ன? விட்டால் அறிக்கையில் இரண்டு பெயர் வரும். என் பெயர் பிழைவிட்டவனின் பெயர். அவருடைய பெயர் தெரிந்துகொண்டு பொய்யில் கையெழுத்து வைத்தவரின் பெயர். வைக்கச் சொன்னது யார்?

26 நவம்பர், புதன்

பிக்கரிங்குக்கு, சிவபாதத்தின் வீட்டுக்கு, ரயிலில் போனேன். சொல்லாமல் போனேன். குணவதி கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனா. கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போனவ திரும்ப வெளியே வரவில்லை.

“நீர் பைனாகுலரில பார்த்தனீர்” என்றேன்.

“ஓம்.”

“பட்டையைக் கண்டனீர்.”

“கண்டனான் அண்ணை.”

“மேசையில ஏன் சொல்லேல்லை?”

“என்னெண்டு அண்ணை சொல்லுறது? ஒன்பது பேர் இருந்து சிரிக்கினம். நானும் வாயைத் திறந்து, எங்கட ஆள் சொன்னது பிழையெண்டு சொன்னால், நானும் அவையளோட சேர்ந்து சிரிச்ச மாதிரி. ஓமெண்டு சொல்லவும் ஏலாது. அது மொன்ரகு. அப்ப ஒலிவைத் தின்னுறதைத் தவிர வேற வழி?”

“எனக்குத் தனியச் சொல்லியிருக்கலாம்.”

“எப்ப? போனைத் தூக்கினீங்களோ? பஸ்ஸரை அமத்திக்கொண்டு நிண்டன். அதைச் சொல்லத்தான் வந்தனான். பேபியக்கா வந்து, அவர் வீட்டில இல்லையெண்டு சொல்லிப்போட்டு, பாவம், என்ர முகத்தைப் பார்க்கேல்லை.”

நான் எழுதின கடிதமெல்லாம் ஞாபகம் வந்தது. எத்தனை பக்கம்.

“பிறகு ஏன் ஐசே அந்தத் தாளில கையெழுத்து வைச்சனீர்?”

சிவபாதம் முதல் முறையாகக் கொஞ்சம் சிரித்தார். “நீங்கள் எனக்கு வைச்சனீங்கள்தானே. மூண்டு வருசமாத் தெரியுமெண்டு.”

“அது வேலைக்கு.”

“ஓம். எனக்கு வேலை வேணும் எண்டு நீங்கள் வைச்சனீங்கள். உங்களுக்குப் பருந்து வேணும் எண்டு நான் வைச்சன். ஆனா ஒண்டு அண்ணை, அண்டைக்குப் பிறகு உங்களோட நிண்டு பறவை பார்க்க எனக்கு விருப்பமில்லாமல் போச்சு. நீங்கள் எதைச் சொன்னாலும் ஓமெண்டு போட்டு வரலாம் எண்டு ஆகிப்போச்சு. கிரேக்கத்துக்கு நீங்கள் போங்கோ. நான் வரேல்லை.”

மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போனேன். வாய் வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. ரயிலுக்குக் கொண்டுவந்து விட்டார். ஸ்ரேசனில் இறங்கும்போது, “அந்த வாத்து, ஒக்ரோபரில நான் சொன்னது, பிழையெண்டு உமக்குத் தெரியும்தானே?” என்றேன்.

“தெரியும்.”

“அதைப் புத்தகத்தில வெட்டும்.”

“சரி” என்றார்.

29 நவம்பர், சனி

செய்யவேண்டியவை. யார் யார் என்றும் எழுதுகிறேன்.

முதலாவது, நான். குழுவுக்குக் கடிதம், திங்கட்கிழமை தபாலில், டிசம்பர் 5க்கு முன் போய்ச் சேரவேண்டும். பறவை மொன்ரகு. பைனாகுலரைத் தூக்கவில்லை, சூரியன் முகத்தில் இருந்தது. ஆதாரம் மார்ஜரியின் படம். தட்டச்சை பேபி கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டா; எடுக்கவேண்டும்.

சிவபாதத்தின் தாளைத் திருப்பி வாங்குவதும் நான். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் நிரப்பியது நான், அவர் வைத்தது கையெழுத்து மட்டும் என்று கோர்டனுக்கு நேரில் சொல்லுவது. நேரில். கடிதத்தில் இல்லை.

கோர்டன். இத்தோடு முடிந்தது என்று அவன் நினைக்கக் கூடாது. பறவை பிழை, வெட்டிய விதமும் பிழை. ஒருவர் சிறகைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுத்த பெயரை வாசிக்கக் கூடாது. முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் வெட்டவேண்டும். என் பெயரை முழுதாகச் சொல்லப் பழகவேண்டும், நாலு எழுத்துக் கூடத்தான். இதற்குத் தனிக் கடிதம். முதலாவதோடு சேர்த்து அனுப்பக் கூடாது. சேர்த்தால் ஒன்றுக்கு ஒன்று பதில் என்று நினைப்பான்.

மார்ஜரி. படத்தின் பிரதி இரண்டு. கேட்க வெட்கம்தான்.

பேபி. நான் பிக்கரிங் போய் வந்ததைக் குணவதியோடு போனில் அலசாமல் இருப்பது. நடக்காது, ஆனாலும் எழுதுகிறேன். கிரேக்கப் படிவம் இரண்டும் நாளைக்கே கழகத்தில் சேரவேண்டும். அவற்றைக் காலையில் எனக்கு ஞாபகப்படுத்துவது. இரண்டிலும் பெயர் நிரப்பிவிட்டேன். கையெழுத்து ஒன்றில்தான் இருக்கிறது. மற்றதில் சிவபாதமே வாசித்து, அவரே வைக்கவேண்டும். காலை முதல் ரயிலில் கொண்டுபோகிறேன். வரமாட்டேன் என்று சொன்னால் தாளை மேசையில் வைத்துவிட்டு, கோபிக்காமல், தேத்தண்ணி சூடாக இருக்கும்போதே குடித்துவிட்டு வரவேண்டும். இதுவும் நான்.

சிவபாதம். வருகிற ஏப்ரலில், கிரேக்கத்துச் சாப்பாட்டு மேசையில், எல்லாருக்கும் முன்னால், நான் ஒன்றைச் சொல்லி அவர் வேறொன்றைக் கண்டிருந்தால்: “இல்லையண்ணை, பட்டை இருந்தது” என்று சத்தமாகச் சொல்லவேண்டும். தமிழிலும் சொல்லலாம், இங்கிலிஷிலும் சொல்லலாம்.

அவர் சொல்லி முடியும்வரை நான் குறுக்கே பேசாமல் இருக்கவேண்டும்.